அக்கரையில் உயிர்பெறும் உரு

கோழிக்கோட்டிலிருந்து தெற்கே சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளி, சாலியாறு அரபிக்கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது பேப்பூர். வைக்கம் முகம்மது பஷீர் 1994-ல் மறையும் வரை மாங்கோஸ்டீன் மரத்தடியில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஊர். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே இது மரக்கப்பல்களின் ஊர். ஆற்றோரத் தென்னைகளுக்கு நடுவே, கொட்டகைக் கூரையை முட்டிக்கொண்டு ஒரு கப்பலின் மூக்கு நீண்டிருந்தால் உள்ளூர்க்காரர்கள் நின்று பார்ப்பதில்லை.

கப்பலுக்கு இங்கே 'உரு' என்று பெயர். பாய்மரக் காலத்தில் மிளகையும் மரத்தையும் அரேபியாவுக்குச் சுமந்தது இதுதான். இன்று இதற்கு ஆர்டர் கொடுப்பவர்கள் பெரும்பாலும் வளைகுடாச் செல்வந்தர்கள். அவர்கள் கேட்பது சரக்குக் கப்பல் அல்ல; குடும்பத்தோடும் விருந்தாளிகளோடும் கடலில் பொழுதுபோக்க ஒரு உல்லாசப் படகு. வெளித்தோற்றம் தாத்தா காலத்து உருவாக இருக்க வேண்டும். உள்ளே குளிர்சாதனமும் படுக்கையறைகளும் வேண்டும்.

வரைபடம் கிடையாது. நீளமும் அகலமும் சொன்னால் போதும், மீதி மேஸ்திரியின் மனக்கணக்கு. 1840-களில் ஆங்கிலேயர்கள் தேக்குத் தோட்டம் போட்ட நிலம்பூர் இதே ஆற்றின் மேல்பகுதியில்தான் இருக்கிறது. மரம் அங்கிருந்து வந்தது. இப்போது மலேசிய மரமும் வருகிறது. பலகைகளுக்கு இடையில் எண்ணெயில் தோய்த்த பருத்தித் திரியை உளி வைத்து அடித்து இறுக்குவார்கள். வேலை முடிய ஒன்றிரண்டு வருடமாகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

அதன் பிறகு கலாசிகள் வருவார்கள். கப்பி, வடம், உருளைக் கட்டை, கூடவே தாளம் தவறாத பாட்டு. நாள்கணக்கில் இழுத்து, நீரேற்றம் பார்த்து ஆற்றில் இறக்குவார்கள். 1988 ஜூலையில் பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் ரயில் விழுந்து 105 பேர் இறந்தபோது, பெட்டிகளை வெளியே இழுக்க உதவியவர்கள் இந்தக் கலாசிகள்தான்.

இத்தனையும் ஆன பிறகும் உருவில் ஒன்று குறைகிறது. எஞ்சின்!

மேஸ்திரியின் சோதனை எளிமையானது. தண்ணீரில் இறங்கியதும் அடித்தட்டில் எவ்வளவு நீர் கசிகிறது என்று பார்ப்பார். மரம் நீரில் ஊறி உப்பினால் இணைப்புகள் தாமாகவே நெருங்கும், கசிவும் அடங்கும். அடங்கினால் அவர் வேலை முடிந்தது. இழுவைப்படகு வடம் கட்டி, வெறும் உடலை அரபிக்கடல் தாண்டி இழுத்துச் செல்லும். துபாயிலோ கத்தாரிலோதான் மீதி வேலை.

அந்த மீதி சின்ன விஷயமல்ல. எஞ்சினையும் புரொப்பல்லரையும் இணைக்கும் தண்டு முடியளவு கோணினாலும் கப்பல் முழுக்க அதிரும். தரையில் நேராக இருந்த மரக்கப்பல் தண்ணீரில் லேசாக வளையும். ஆகவே கரையில் பார்த்த அளவை நம்ப முடியாது, மிதக்கும்போது மீண்டும் அளந்து சரிசெய்ய வேண்டும். எஞ்சின் எங்கே உட்காரும், தண்டு எந்த வழியாக வெளியே வரும் என்பதையெல்லாம் உடலைக் கட்டும்போதே யோசித்தாக வேண்டும். ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, டீசல் தொட்டி என்று ஒவ்வொரு டன்னும் எந்தப் பக்கம் போகிறது என்பதும் முக்கியம். இல்லாவிட்டால் கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்தே ஓடும்.

பிறகு கடல் சோதனை. ஒரே தூரத்தைப் போகும்போதும் வரும்போதும் ஓட்டி, நீரோட்டத்தின் தயவைக் கழித்து வேகம் பார்ப்பார்கள். முழுவேகத்தில் போகும்போதே எஞ்சினைப் பின்னோக்கித் திருப்பி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளப்பார்கள். சுக்கானை இருபுறமும் முழுக்கத் திருப்புவார்கள், நங்கூரத்தை விட்டு இழுப்பார்கள், ஜெனரேட்டரை அணைத்துவிட்டு அவசர விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார்கள். உல்லாசப் படகு என்பதால் இன்னொன்றும் உண்டு: எஞ்சின் ஓடும்போது முதலாளியின் படுக்கையறையில் மேஜைமேல் வைத்த தண்ணீர் நடுங்கக்கூடாது.

இதில் எதையும் பேப்பூர் பார்ப்பதில்லை. எஞ்சின் எந்தக் கம்பெனியுடையது, உள் அலங்காரம் எப்படி என்பதையெல்லாம் தன் ஊரில், தன் கண்ணெதிரே முடிவு செய்யவே வாங்குபவர் விரும்புகிறார். காலி உடல் லேசாக மிதக்கும், ஆற்று முகத்து மணல்திட்டைத் தாண்டுவதும் சுலபம். காரணங்கள் நியாயமானவைதான். ஆனால் எஞ்சின், மின்சாரம், குளிர்சாதனம் என்று பணம் புழங்கும் வேலை அத்தனையும் அக்கரைக்குப் போய்விடுகிறது. இக்கரையில் மிஞ்சுவது உளிக்கூலி. மர விலை ஏற ஏற அதுவும் சுருங்குகிறது. ஒரு ஆர்டருக்கும் அடுத்ததற்கும் நடுவே பட்டறை வெறிச்சோடிக் கிடக்கும்போது, இளைஞன் ஒருவன் உளியைக் கையில் எடுக்க என்ன காரணம் இருக்கிறது? அந்த இடைவெளிகளில் கை கொடுப்பவை அலமாரியில் வைக்கும் குட்டி உருக்கள்தான். 2022 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது அவை நினைவுப் பொருளாகக் கத்தாருக்குக்கூடப் போயின.

பெரிய உரு கிளம்பும் நாளில் கரையில் கூட்டம் நிற்கும். எஞ்சின் சத்தம் இழுவைப்படகினுடையது மட்டும்தான். உரு சத்தமில்லாமல் அதன் பின்னால் போகும்.