காலி என்று நினைத்த துப்பாக்கி



என் தம்பியின் மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பணிபுரிகிறான். அவன் அழைப்பின் பேரில் நானும் என் மனைவியும் அங்குச் சென்று 2 மாதங்கள் தங்கியிருந்தோம். ஒரு சனிக்கிழமை காலை, "பெரியத்தா, இன்னைக்கு நம்ம ஊர் மாதிரியே ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான். ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குப் பின் வண்டியை விட்டு இறங்கியபோது நான் திகைத்துப் போனேன். வறண்ட மண், வெயில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை முள்மரங்கள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையில் நிற்பது போலவே இருந்தது. அங்கே அந்த மரத்தை மெஸ்கீட் என்கிறார்கள். நம் கரிசல் காடெங்கும் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு அது. நம் மரமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். நாம் அதை மூட்டம் போட்டுக் கரியாக்குகிறோம். அவர்கள் அந்த விறகில் இறைச்சி சுடுகிறார்கள்.

அந்த முள்காட்டு நடுவே ஒரு சுடுகளம். தொப்பியும் தோல் காலணியும் அணிந்த ஆண்களும் பெண்களும் 19ஆம் நூற்றாண்டுக் கோலத்தில் உலவிக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங் என்று பெயர். 1980களில் கலிபோர்னியாவில் தோன்றிய விளையாட்டு இது. சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி என்ற அமைப்பு இதன் விதிகளை வகுத்துள்ளது. போட்டியாளர் ஒருவருக்கு இரண்டு கைத்துப்பாக்கிகள், ஒரு ரைபிள், ஒரு ஷாட்கன் என நான்கு வேண்டும். நான்கும் பழைய காலத்தவையாகவோ அவற்றின் மறுவார்ப்பாகவோ இருக்க வேண்டும். குறியாக நிற்பவை இரும்புத் தகடுகள். எவ்வளவு விரைவில் சுட்டு முடிக்கிறார் என்று கணக்கிடுவார்கள். தவறிய ஒவ்வொரு குறிக்கும் 5 விநாடி கூடும்.

உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு புனைபெயர் சூட்டிக்கொள்ள வேண்டும். ஒருவர் வைத்த பெயரை மற்றவர் வைக்கக் கூடாது. எங்கள் பிள்ளை என்ன பெயர் வைத்திருக்கிறான் என்று கேட்டேன். "ராவுத்தர்" என்றான். ராவுத்தர் என்றால் குதிரைவீரர் என்று பொருள் என நான்தான் அவனுக்குச் சிறுவயதில் சொல்லியிருக்கிறேனாம். எனக்குச் சிரிப்பு வந்தது, சற்றுப் பெருமையாகவும் இருந்தது.

பெரும்பாலோர் கையில் இருந்தது, விசைக்குக் கீழுள்ள வளையத்தை இறக்கி ஏற்றும் லீவர் ரைபிள். எங்கள் பிள்ளையின் கையில் இருந்ததோ பம்ப் ஆக்‌ஷன். கோல்ட் நிறுவனம் 1884 முதல் 1904 வரை செய்த லைட்னிங் என்னும் ரைபிளின் இத்தாலிய மறுவார்ப்பு அது. குழலின் கீழே ஒரு மரப்பிடி இருக்கும். இடக்கையால் அதைப் பின்னே இழுத்தால் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் போய் அமரும். வலக்கை விசையை விட்டு நகரவே வேண்டியதில்லை. தோட்டாக்கள் அனைத்தும் குழலுக்கு அடியில் உள்ள ஒரு நீள உருளைக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முன்னிருக்கும் தோட்டாவின் அடிப்பகுதியைப் பின்னிருப்பதன் மூக்கு தொட்டுக்கொண்டிருப்பதால், இவற்றுக்குக் கூர்மூக்குக் குண்டு ஆகாது, தட்டை மூக்குக் குண்டே போட வேண்டும் என்றான். உள்ளே எத்தனை இருக்கின்றன என்பது வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டைவிட அதன் ஒழுங்குதான் என்னை வியக்க வைத்தது. தோட்டா நிரப்பத் தனி மேசை, காலி செய்யத் தனி மேசை, இரண்டிலும் கண்காணிக்க ஆள். துப்பாக்கியின் வாய் குறிகள் இருக்கும் திசையை விட்டு விலகினால் தகுதி நீக்கம். நீ எத்தனை ஆண்டு பழகியவன், யாருடைய நண்பன் என்றெல்லாம் கேட்பதில்லை. வேடிக்கை பார்ப்பவரும் கண்ணாடி அணிய வேண்டும், காதை மூட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருத வேண்டும் என்பது முதல் விதி.

அந்த நாட்டில் துப்பாக்கியால் ஆண்டுக்கு 40,000 பேருக்கு மேல் உயிரிழக்கிறார்கள், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள் என்பதை நான் மறக்கவில்லை. எனவே இந்த விளையாட்டைப் புகழ்ந்து எழுத நான் வரவில்லை. எனினும் மார்க்கம் நமக்குச் சொல்லித்தந்த ஒழுங்கு அந்த மேசைகளில் நடைமுறையில் இருப்பதைக் கண்டேன். குறிபார்த்து எய்வதை வலிமை என்று சொன்ன நம் நபி (ஸல்) அவர்கள்தாம், உயிருள்ள எதையும் குறியாக நிறுத்தக் கூடாது என்றும் தடுத்தார்கள். பள்ளிவாசலுக்குள்ளோ கடைவீதியிலோ அம்பு கொண்டு செல்பவர் யார்மீதும் பட்டுவிடாதபடி அதன் முனையைக் கையால் பற்றிக்கொள்ளச் சொன்னார்கள். சகோதரனை நோக்கி இரும்பாயுதத்தை நீட்டுபவனை, அவன் அதைக் கீழே போடும்வரை வானவர்கள் சபிக்கிறார்கள் என்று எச்சரித்தார்கள். ஒரு தாய் தந்தைக்குப் பிறந்த உடன்பிறப்பாக இருந்தாலும் அப்படித்தான் என்கிறது அந்த ஹதீஸ். ஜும்ஆ மேடையில் இதைக் கேட்கும்போதெல்லாம் நான் தலைகுனிந்துகொள்வேன். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

போட்டி முடிந்து ஆட்கள் கலைந்தபின், கண்காணிப்பாளரிடம் அனுமதி பெற்று, "நீங்களும் ஒருமுறை சுட்டுப் பாருங்க பெரியத்தா" என்றான். வேண்டாம் என்றேன். அவன் விடவில்லை. என் இரு காதுகளிலும் அடைப்பானைப் பொருத்திவிட்டு, "அத்தாவுக்கு ஆனது மாதிரி உங்களுக்கும் ஆயிடக் கூடாதுல்ல" என்றான். அந்தச் சொல் எங்கே தைத்தது என்பது அவனுக்குத் தெரியாது.

பத்துத் தோட்டாக்கள் நிரப்பித் தந்தான். இழுப்பதும் தள்ளுவதும் சுடுவதுமாகத் தகடுகளில் ஆறோ ஏழோ பட்டன. முடிந்தது என்று சொல்லித் துப்பாக்கியைத் தாழ்த்தினேன். வாய் குறிகளை நோக்கியே இருக்கட்டும் என்று சொல்லி, அங்கிருந்த முதியவர் என்னைக் காலி செய்யும் மேசைக்கு அழைத்துச் சென்றார். பிடியை மீண்டும் மீண்டும் இழுத்துக் காட்டச் சொன்னார். ஒருமுறை இழுத்தேன், வெற்றுக்கூடு தெறித்தது. முன்னே தள்ளி மறுமுறை இழுத்தேன். முழுத் தோட்டா ஒன்று மேசைமேல் விழுந்து உருண்டது. நான் எண்ணியது பத்து. சுட்டது ஒன்பது.

முதியவர் கடிந்துகொள்ளவில்லை. இதற்காகத்தான் இந்த மேசை என்பதுபோல் தலையசைத்தார். என் கைகள் நடுங்கத் தொடங்கின. பிள்ளை என்னை ஒரு மர நிழலில் அமர்த்தித் தண்ணீர் கொடுத்தான். அங்கே வைத்து அவனிடம் சொன்னதைத்தான் இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

1973ஆம் ஆண்டு. எனக்கு வயது 12, தம்பிக்கு 9. திருச்சுழிக்கு அருகே குண்டாற்றுப் பக்கம் எங்கள் பாட்டனாருக்குச் சோளமும் கடலையும் விளையும் நிலம் இருந்தது. கதிரில் இறங்கும் கிளிகளையும் இரவில் வரும் பன்றிகளையும் விரட்ட, உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். குழலின் வாய் வழியே மருந்தையும் ஈயக் குண்டுமணிகளையும் இட்டுக் கம்பியால் கெட்டிக்கும் பழைய வகை. மருந்து உள்ளே இருக்கிறதா இல்லையா என்று பார்த்தறிய முடியாது. வீடு திரும்பும்போது கேப்பை மட்டும் கழற்றிவிடுவார். கேப்பு இல்லாவிட்டால் குதிரை தட்டினாலும் வெடிக்காது.

அது கௌபாய்ப் படங்கள் தமிழில் ஓடிய காலம். கர்ணன் இயக்கிய 'கங்கா' 1972இல் வந்தது, ஜெய்சங்கர் நடித்தது. டூரிங் டாக்கீஸில் வீட்டுக்குத் தெரியாமல் நானும் தம்பியும் அதைப் பார்த்தோம். அன்றிலிருந்து துடைப்பக்கட்டையும் சோளத்தட்டையும் எங்களுக்குத் துப்பாக்கி. ஒரு நாள் அதிகாலை, இரவுக் காவல் முடிந்து வந்த பாட்டனார் துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டு ஃபஜ்ரு தொழப் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். நான் அதை எடுத்தேன். திண்ணையில் அமர்ந்திருந்த தம்பியின் தலைக்கு நேரே நீட்டி, குதிரையை இழுத்து, படத்தில் கேட்டது போல் ஏதோ வசனம் பேசினேன். அவன் சிரித்துக்கொண்டே தலையைச் சாய்த்தான். நான் விசையை அழுத்தினேன்.

அன்று பாட்டனார் கேப்பைக் கழற்ற மறந்திருந்தார்.

தம்பி தலையைச் சாய்த்ததால் குண்டுமணிகள் மண்சுவரில் இறங்கின. குழலின் வாய் அவனுடைய இடக்காதுக்கு வெகு அருகில் இருந்தது. காதிலிருந்து இரத்தம் வடிந்தது. எல்லோரும் ஓடி வந்தபோது என் கையில் துப்பாக்கி இல்லை, தரையில் கிடந்தது. எனக்கு நா எழவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை, அழுதுகொண்டே, "சாத்தி வச்சது சரிஞ்சு விழுந்து வெடிச்சிருச்சு" என்றான். நான் மறுக்கவில்லை.

அந்தக் காது பிறகு சரியாகவே இல்லை. பாட்டனார் முழுப் பழியையும் தம்மீது போட்டுக்கொண்டார். அடுத்த வாரமே துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். அதன்பின் இரவெல்லாம் தகரத்தைத் தட்டியே காவல் காத்தார். தம்பியைப் பார்க்கும்போதெல்லாம், "என் மறதியால வந்தது" என்பார். அதைச் சொல்லிக்கொண்டேதான் மறைந்தார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

நான் சொல்லி முடித்தபோது பிள்ளை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அத்தா இப்ப முழிச்சுத்தான் இருப்பாங்க" என்று சொல்லி அலைபேசியை நீட்டினான். அங்கே பகல் 11 மணி, இங்கே இரவு ஒன்பதரை. மனிதருக்குச் செய்த தவற்றை அந்த மனிதர்தாம் மன்னிக்க வேண்டும் என்று எத்தனை பயான்களில் கேட்டிருப்பேன். ஒரே தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் தம்பியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு 50 ஆண்டுகளும் ஒரு கடலும் தேவைப்பட்டன.

சொன்னேன். மறுமுனையில் அமைதி. கேட்கவில்லையோ என்று அஞ்சி மீண்டும் தொடங்கினேன். "கேட்டுச்சுண்ணே. வலது காதுலதான் வச்சிருக்கேன்" என்றான். பிறகு, "நீ அடி வாங்கக் கூடாதுன்னு சொன்னேன். நன்னாவாப்பா அதையே நினைச்சு உருகுவாங்கன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சப்ப மாத்திச் சொல்லப் பயம். பொய் சொன்னது நானும்தானேண்ணே. உன்னைய நான் எப்பவோ மன்னிச்சுட்டேன். நன்னாவாப்பாவுக்கு நாம ரெண்டு பேருமா துஆ செய்வோம்" என்றான்.

அல்ஹம்துலில்லாஹ். தம்பியின் மன்னிப்பு கிடைத்துவிட்டது. பாட்டனாரிடம் கேட்க இனி வழியில்லை. அவர் பெயரால் தர்மம் செய்கிறோம், கபுருக்குச் சென்று ஸலாம் சொல்லி வருகிறோம். அந்த ஒரு சொல்லை அவர் காதில் போட்டிருந்தால் அவர் சுமை இறங்கியிருக்குமே என்ற எண்ணம் மட்டும் அகலவில்லை.

ஊர் திரும்பியபின் வந்த பெருநாளன்று, வீட்டுப் பிள்ளைகள் பெருநாள் காசில் பிளாஸ்டிக் துப்பாக்கிகள் வாங்கி வந்து ஒருவர் நெற்றியில் ஒருவர் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் அதட்ட எழுந்தேன். தம்பி என்னைக் கையமர்த்திவிட்டுப் பிள்ளைகளை அழைத்துச் சுற்றி அமர்த்தினான். "எல்லாரும் இந்தப் பக்கமா வந்து உட்காருங்க, அந்தக் காது எனக்குக் கேக்காது. ஏன் கேக்காதுன்னு இன்னைக்குச் சொல்றேன்" என்று தொடங்கினான். என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன்.

முழுவதையும் சொன்னான். என் பெயரையும் சொன்னான். கேட்டு முடித்த கடைசிப் பேத்தி தன் கையிலிருந்த துப்பாக்கியைத் தரைப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு வந்து, அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

இதைப் படிக்கும் உங்களில் யாரிடமேனும் இப்படி ஒன்று சொல்லப்படாமல் கிடந்தால், கேட்க வேண்டியவர் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். நம் எல்லோருடைய பிழைகளையும் அல்லாஹ் மன்னித்தருள்வானாக. எங்கள் பாட்டனாரின் கபுரை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.