"கோமதி மேடம் இருக்காங்களா?"

திருநெல்வேலிச் சீமைக்காரர்களிடம் ஒரு வசதி உண்டு. பெயரைக் கேட்டாலே, எந்த பஸ் பிடித்தால் அவர்கள் ஊருக்குப் போகலாம் என்று சொல்லிவிடலாம். காந்திமதி என்றால் திருநெல்வேலி டவுன். குழல்வாய்மொழி என்றால் குற்றாலம். செண்பகவல்லி என்றால் கோவில்பட்டி. உலகம்மாள் என்றால் மட்டும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். தென்காசியிலும் அவள்தான் அம்மன், பாபநாசத்திலும் அவள்தான். கோமதி என்றால் விசாரணையே வேண்டாம். சங்கரன்கோவில்!

ஆண்களும் இதில் தப்பவில்லை. காந்திமதிநாதன், உலகநாதன், கோமதிநாயகம் என்று அம்மன் பெயரோடு ஒரு நாதனையோ நாயகத்தையோ ஒட்டி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்காரி பெயரைச் சொல்லித்தான் சிவபெருமானையே அடையாளம் காட்ட வேண்டியிருக்கிறது என்றால், நாமெல்லாம் எந்த மூலைக்கு?

அடியேன் பெயர் கோமதிநாயகம். பி.காம். படித்துவிட்டு, கணக்கு எழுத வேண்டிய கையால் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவன். ஒரு பேங்க்கின் கம்ப்யூட்டர், கட்டத்துக்குள் பெயர் அடங்கவில்லை என்று 'கோமதி என்' என்று கத்தரித்து கார்டு அனுப்பியது. அன்று பிடித்தது சனி. வாரம் ஒரு போன்.

"கோமதி மேடம் இருக்காங்களா? லேடீஸ் ஸ்பெஷல் ஸ்கீம் ஒண்ணு..."

"நான்தாங்க கோமதி."

"தமாஷ் பண்ணாதீங்க சார். மேடம்கிட்ட கொடுங்க."

"மேடம் சங்கரன்கோவில்ல 125 அடி கோபுரத்துக்குள்ள இருக்காங்க. நேர்ல போய்த்தான் பார்க்கணும்."

நேரில் போக வேண்டிய வேலை எனக்கே வந்தது. என் மகளுக்கு பத்து மாதம். பர்த் சர்ட்டிபிகேட்டில் அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் இருக்கிறது. அவள் பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. பிறந்த 12 மாதத்துக்குள் பெயரைப் பதிந்தால் இலவசம். அதைத் தாண்டினால் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிப் பதியலாம். கட்டணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் காமர்ஸ் படித்தவனுக்கு, சும்மா கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்குவது ஆகாது.

காலியாக இருப்பதற்குக் காரணம், வீட்டில் இரண்டு கட்சி. என் அம்மா 'கோமதி'. என் மனைவி கும்பகோணத்துக்காரி. "கோமதின்னா மூக்குக்கண்ணாடி போட்ட கணக்கு டீச்சர் ஞாபகம் வருதுங்க" என்கிறாள். அவளிடம் 'ஷ்'ஷில் முடியும் பெயர்களாக ஒரு லிஸ்ட் இருக்கிறது. வாய்விட்டுப் படித்தால், பக்கத்தில் யாரோ சோடா பாட்டில் திறப்பது போலிருக்கும். குழந்தை இரண்டு கட்சிக்கும் பொதுவாக 'பாப்பா' என்றால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆடிமாதம் தபசுக்குக் கொடி ஏறியதும் அம்மாவிடமிருந்து போன். "அம்மன்கிட்ட வச்சு முடிவு பண்ணிக்கிடுவோம். வந்து சேருங்க." பொதிகை எக்ஸ்பிரஸில் மூன்று பேரும் கிளம்பினோம்.

விடிந்தபோது ஜன்னலில் கரிசல் காடு. ரயிலை விட்டு இறங்கி ஊருக்குள் போனால் விசைத்தறிச் சத்தம், பூக்கடை வாசனை, காலையிலேயே பிரியாணிக்கு அடுப்பு மூட்டும் ஓட்டல். (சங்கரன்கோவில் பிரியாணியைப் பற்றி எழுத ஆசைதான். அம்மா கூட இருந்தபடியால் அந்தப் பக்கம் பார்வை மட்டும்தான் போனது.) 2019-ல் தென்காசி மாவட்டத்தைப் பிரித்தபோது இந்த ஊரும் அதோடு போய்விட்டது. ஊர்க்காரர்கள் இன்னும் 'நம்ம திருநெல்வேலி ஜில்லா' என்றுதான் பேசுகிறார்கள்.

ரயிலிலேயே என் மனைவி ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "கோமதின்னா என்ன அர்த்தம்? லிஸ்ட்ல இருக்கிற பேருக்கெல்லாம் எங்கிட்ட அர்த்தம் இருக்கு. உங்க பேருக்கு நீங்க சொல்லுங்க."

நியாயமான கேள்வி. நம் ஊரில் பாதிப் பேர் 'மதி' என்றதும் சந்திரனைக் காட்டுவார்கள். மீதிப் பேர் அறிவு என்பார்கள். இரண்டும் இல்லை. இது வடமொழியில் 'உடையவள்' என்று சொல்லச் சேர்க்கிற ஒட்டு. ஒளியை உடையவள் பானுமதி. காந்தியை, அதாவது பிரகாசத்தை உடையவள் காந்திமதி. ஸ்ரீயை உடையவள் ஸ்ரீமதி. அந்த ஸ்ரீயை மட்டும் தமிழாக்கி, மதியை அப்படியே விட்டு வைத்ததுதான் கல்யாணப் பத்திரிகையில் வரும் திருமதி. அந்தக் கணக்கில் 'கோ' என்றால் பசு. பசுக்களை உடையவள் கோமதி. அவ்வளவுதான்!

"மாட்டுக்காரியா?" என்றாள் மனைவி. லிஸ்ட்டில் கோமதியின் மார்க் சரசரவென்று இறங்குவது அவள் முகத்தில் தெரிந்தது.

ஆனால் விஷயம் அங்கேதான் சுவாரஸ்யமாகிறது. சங்கரன்கோவில் அம்மனுக்கு இன்னொரு பெயர் ஆவுடையம்மாள். 'ஆ' என்றால் பசு. ஆவை உடையவள் ஆவுடையாள். அதாவது, கோமதியை எழுத்துக்கு எழுத்து தமிழில் போட்டால் ஆவுடையாள். ஆவுடையாளை வடமொழியில் போட்டால் கோமதி. எது முதலில், எது பின்னால் என்று பண்டிதர்கள் அடித்துக்கொள்ளட்டும். ஊர்க்காரர்கள் மூத்தவளுக்கு ஒன்று, இளையவளுக்கு ஒன்று என்று வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். நாங்கள் வந்த பொதிகை கடைசியாகப் போய் நிற்கிற செங்கோட்டையில், சிறு வயதிலேயே கணவனை இழந்த ஆவுடையக்காள் என்ற பெண் வேதாந்தப் பாட்டுகளாகப் பாடித் தள்ளியிருக்கிறார். அச்சில் வருவதற்கு முன் அந்தப் பாட்டுகளைத் தலைமுறை தலைமுறையாக வாயிலேயே வைத்துக் காப்பாற்றியவர்கள் வீட்டுப் பெண்கள்தான்.

வடக்கே போனால் கோமதி ஓர் ஆறு. ரிக் வேதத்திலேயே கோமதி என்று ஒரு நதி வருகிறது. இன்றைக்கு நாம் பார்க்கக்கூடிய கோமதி, உத்தரப் பிரதேசத்தில் பிலிபித் மாவட்டத்தில் ஓர் ஏரியில் புறப்பட்டு, லக்னோ, ஜான்பூர் வழியாக ஓடி, காசிக்கு அப்பால் கங்கையில் கலக்கிறது. அதன் கரையில்தான் நைமிசாரண்யம். நம்ம திருமங்கையாழ்வார் பாடிய ஊர். லக்னோவிலிருந்து டெல்லிக்கு ஒரு கோமதி எக்ஸ்பிரஸ் கூட உண்டு. அதில் முன்பதிவு செய்து, டிக்கெட்டில் கோமதி என்ற பயணியும் கோமதி என்ற ரயிலும் ஒன்றாக இருப்பதைப் பார்க்க வேண்டுமென்று எனக்கு நெடுநாள் ஆசை.

ஆறாக இருந்த பெயர் கரிசல் காட்டில் அம்மனாக இருக்கிறது. அவளுக்கு எப்படிப் பசு வந்தது என்பதற்கு ஸ்தலபுராணத்தில் ஒரு கதை. சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். சங்கன் சிவன் கட்சி, பதுமன் விஷ்ணு கட்சி. யார் பெரியவர் என்று சண்டை. தீர்ப்புக் கேட்டு அம்மனிடம் வந்தார்கள். அம்மன் வாயால் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒன்றாகக் காட்சி தரவேண்டுமென்று புன்னை வனத்தில் தவம் இருந்தாள். விண்ணுலகத்தார் பசுக்களாக வந்து அவளைச் சூழ்ந்து நின்றார்கள். ஆடி மாதம் உத்திராடத்தன்று ஒரு பாதி சங்கரன், ஒரு பாதி நாராயணன் என்று சங்கரநாராயணராக ஸ்வாமி காட்சி கொடுத்தார். சண்டை முடிந்தது. இங்கே விபூதியும் உண்டு, துளசித் தீர்த்தமும் உண்டு. அம்மன் பெயரைக் கேட்டுவிட்டு 'மாட்டுக்காரியா' என்றவள், இந்தக் கதையைக் கேட்டதும் "பரவாயில்லையே, விவரமான பொம்பளைதான்" என்றாள். மார்க் மறுபடி ஏறியது.

கோயிலில் மூன்று சன்னிதி. சங்கரலிங்கத்துக்கு ஒன்று, கோமதி அம்மனுக்கு ஒன்று, நடுவே சங்கரநாராயணருக்கு ஒன்று. கூட்டம் என்னவோ அம்மனுக்குத்தான். அம்மன் சன்னிதிக்கு முன்னால் தரையில் ஒரு சக்கரக் குழி இருக்கிறது. மனசு சரியில்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து அதில் உட்கார வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். நாங்கள் போனபோது, காலேஜ் படிக்கிற வயசில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா தள்ளி நின்று அவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியே விட்டுவிட்டு வரக்கூட அவருக்குத் தோன்றவில்லை போலும். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை.

பிரசாதம் புற்றுமண். பொட்டலம் கட்டித் தருகிறார்கள். தோல் வியாதிக்குப் பூசுகிறவர்கள் உண்டு, வயலில் தூவுகிறவர்கள் உண்டு. பாம்பு, தேள் உருவம் அடித்த வெள்ளித் தகடு வாங்கி உண்டியலில் போடுவார்கள். ராத்திரியில் வரப்பில் நடந்து தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கு பாம்பும் தேளும் புராண சமாசாரம் இல்லை. புற்றுக்குள் லிங்கம் இருப்பதை முதலில் கண்டதும் ராஜாவோ குருக்களோ இல்லை. புன்னை வனத்துக்குக் காவல் இருந்த காவற்பறையன்தான் கண்டு, உக்கிர பாண்டியனுக்குச் சொன்னான் என்கிறது இதே ஸ்தலபுராணம். கோமதி என்ற பெயரில் எனக்குப் பிடித்த விஷயமும் இதை ஒட்டியதுதான். அது ஊரைச் சொல்லும், தெருவைச் சொல்லாது. இந்த வட்டாரத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு கோமதி கிடைப்பாள்.

கோமதி கிடைப்பான் என்றும் சொல்லலாம். கரிசல்காட்டு கி.ராஜநாராயணன் 'கோமதி' என்றொரு சிறுகதை எழுதியிருக்கிறார். அதில் கோமதி ஓர் ஆண். கைதேர்ந்த சமையல்காரர். உடம்பால் ஆணாகவும் மனசால் பெண்ணாகவும் இருக்கிறவரின் கதை. இன்றைக்கு மாநாடு போட்டுப் பேசுகிற விஷயத்தை, யாரும் பேசாத காலத்திலேயே எழுதிவிட்டார் மனுஷர்.

தபசு நாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் என்னை உள்ளே விடமாட்டார்கள். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அம்மன் தபசு மண்டபத்தில் காத்திருப்பாள். சாயங்காலம் சங்கரநாராயணர் எதிரே வருகிற நேரத்தில் கூட்டத்திலிருந்து பருத்தி பறக்கும், மிளகாய் வத்தல் பறக்கும், கம்பும் சோளமும் தலையில் கொட்டும். அந்த வருஷம் வயலில் விளைந்ததை அள்ளி வீசுகிறார்கள். பக்கத்தில் நிற்கிறவன் மிளகாய் விவசாயியா என்று பார்த்துக்கொண்டு நிற்பது கண்ணுக்கு நல்லது.

இனி அம்மா கட்சியின் நியாயத்தைச் சொல்ல வேண்டும். கோமதி என்பது என் ஆச்சி பெயர், அப்பாவைப் பெற்றவள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். அம்மா பதினெட்டு வயதில் கல்யாணமாகி வந்தவள். அன்றிலிருந்து அந்தப் பெயரைச் சொன்னதில்லை. கோயிலுக்குப் போனால் "அம்மனைப் பாத்துட்டு வாரேன்." எதிர்வீட்டு கோமதியைக் கூப்பிட வேண்டுமென்றால் "ஏட்டி, அம்மன் பேருக்காரி!" என்னைக்கூட அவள் முழுசாகக் கூப்பிட்டதில்லை. வெறும் "நாயகம்"தான். ஆக, பேங்க் என் பின்பாதியை வெட்டியது, அம்மா முன்பாதியை வெட்டினாள். இரண்டு பேரும் சேர்ந்து கூப்பிட்டால்தான் நான் ஒரு முழு ஆள்.

வெளிப்பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது என் மனைவியே கேட்டுவிட்டாள். "அத்தை, பாப்பாவுக்கு அந்தப் பேரை வச்சா மட்டும் நீங்க எப்படிக் கூப்பிடுவீங்க?"

அம்மா முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அத்தை போயி இருவத்தஞ்சு வருசம் ஆச்சுல்லா. அவுக இருந்தப்போ என்னை ஒரு சொல்லு சொன்னதில்ல. காய்ச்சல்ல கிடந்தப்போ கஞ்சி வச்சு ஊட்டுனாக. பேரு சொல்லி ஒரு தடவ கூப்பிடணும்னு எனக்கு ஆசை. பெரியவுகளைக் கூப்பிட முடியாது. சின்னதையாவது கூப்பிடலாம்லா?"

மனைவி ஒன்றும் பேசவில்லை. கைப்பையைத் திறந்தாள். லிஸ்ட்டை எடுக்கிறாள் என்று நினைத்தேன். கர்ச்சீப்பை எடுத்தாள்.

அர்ச்சனை டிக்கெட் வாங்கி அம்மா கையில் கொடுத்து வரிசையில் நின்றோம். திரை விலகி, தீபாராதனை ஆகி, எங்கள் முறை வந்தது. குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டார்.

"பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ."

அம்மா வாயைத் திறந்தாள். வரவில்லை. ஐம்பது வருஷப் பழக்கம், சட்டென்று விடுமா? ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எடுத்துக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பின்னால் நின்றவர் "சீக்கிரம் ஆகட்டும்" என்று முதுகில் இடித்தார்.

"கோமதி" என்றாள் அம்மா. பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது.

குருக்களுக்கு அன்றைக்கு ஆயிரமாவது அர்ச்சனையோ என்னவோ. "அம்பாள் பேரு நேக்குத் தெரியும்மா. குழந்தை பேரைச் சொல்லுங்கோ" என்றார்.

"குழந்தை பேருதான் சாமி" என்றாள் என் மனைவி. "கோமதி. ரேவதி நட்சத்திரம்."