தாமுவைத் தாண்டி

எங்கள் பாட்டிக்குப் பிள்ளைகள் ஐவர் என்று ஊரார் சொல்வர். பாட்டி மட்டும் ஆறு என்பார். ஆண்டுதோறும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, ஊரே வெள்ளையடித்த கல்லறைகளில் பூவும் மெழுகுதிரியுமாக நிற்கும் வேளையில், அவர் தம் மாமனார் மாமியார் கல்லறைகளில் திரி ஏற்றிவிட்டு, நடுவே நிற்கும் பெரிய சிலுவையின் அடியில் தனியாக ஒரு திரி வைப்பார். சிறுவர்களாகிய நாங்கள் யாருக்கு என்று கேட்டால், "அது அவளுக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்த மூன்று வயதுப் பெண்ணுக்கு எங்கும் கல்லறை இல்லை என்பதும், எங்கள் அம்மாவுக்கு அவள் அக்காள் முறை என்பதும் நாங்கள் வளர்ந்த பின்பே தெரிந்தவை.

தாத்தா மாண்டலேயில் ஓர் அரிசிக் கிடங்கில் கணக்கெழுதியவர். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 3, பெரிய வெள்ளியன்று, சப்பானியக் குண்டுவீச்சில் அந்நகரம் எரிந்தது. ரங்கூன் அதற்கு முந்திய மாதமே வீழ்ந்துவிட்டதால் கப்பல் வழி இல்லை. பர்மாவிலிருந்து தரைவழியாகத் தாயகம் நோக்கி நடந்த இலட்சக்கணக்கான இந்தியரில் தாத்தாவும் பாட்டியும் மூன்று குழந்தைகளும் அடங்குவர். சிந்துவின் ஆறு, கபாவ் பள்ளத்தாக்கு, தாமு, பிறகு மணிப்பூர் மலைகள், இம்பால் என்பது அவர்கள் வந்த வழி. வாந்திபேதியும் மலேரியாவும் மழையும் அவ்வழியில் கொண்டுபோன உயிர்களுக்குச் சரியான கணக்கு எவரிடமும் இல்லை. வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்று பாகுபாடு நடந்ததாக அன்றே இந்தியத் தலைவர்கள் குற்றம் சாட்டினர்.

தாத்தா அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, கேட்காமலே, ஒரு வாக்கியம் சொன்னார்: "தாமுவைத் தாண்டி, மலை ஏறுவதற்கு முன்னே." எதைச் சொல்கிறார் என்று அம்மாவுக்குப் புரிந்தது. அம்மா எங்களுக்குச் சொன்னார்.

அந்த இடத்தில் ஒரு திரி ஏற்ற வேண்டும் என்று நாங்கள் இருவரும் எப்போது முடிவு செய்தோம் என்பது நினைவில்லை. விமானத்தில் ரங்கூன் சென்று, அங்கிருந்து வாகனம் அமர்த்திப் போயிருக்கலாம். மோட்டார் சைக்கிளில்தான் போக வேண்டும் என்பதற்குப் பாட்டியின் திரி பாதிக் காரணம். மறுபாதி எங்கள் பழைய ஆசை. ஐம்பதைக் கடந்த இருவருக்கு இது தேவையா என்று வீட்டில் எழுந்த கேள்விக்கு நேர்மையான விடை எங்களிடம் இருக்கவில்லை. 2018 ஆகஸ்டில் மோரே–தாமு எல்லை பன்னாட்டுப் பயணிகளுக்கு முறைப்படித் திறக்கப்பட்ட செய்தியைப் படித்ததும் கடவுச்சீட்டுகளைத் தேடி எடுத்தோம். டிசம்பரில் இரண்டு என்ஃபீல்டு வண்டிகளில் புறப்பட்டோம்.

வழியை விரித்துரைக்கப் போவதில்லை. ஆனால் தாள்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தரை எல்லையை வண்டியோடு கடக்க முயலாதவர்க்கு, எல்லை என்பது துப்பாக்கியும் முள்வேலியும் என்று தோன்றும். உண்மையில் அது தாள். மனிதனுக்குக் கடவுச்சீட்டு போல வண்டிக்கும் 'கார்னே' என்னும் ஏடு உண்டு. வண்டியை அயல்நாட்டில் விற்றுவிடாமல் திருப்பிக் கொண்டுவருவோம் என்பதற்குப் பிணைத்தொகை கட்டிப் பெறுவது அது. மியான்மருக்குள் நுழைய இதற்கும் மேலே ஒரு தனி அனுமதி வேண்டியிருந்தது. உரிமம் பெற்ற பயண முகவர் ஒருவர் வழியாக, எந்த நாளில் எந்த ஊரில் தங்குவோம் என்பது வரை முன்னரே எழுதிக்கொடுத்து, தலைநகர் நேப்பிடாவிலிருந்து அதைப் பெற வேண்டும். வழிகாட்டி ஒருவர் காரில் உடன் வருவார். அவரின்றி ஓரடி நகர முடியாது.

இம்பாலிலிருந்து மோரே 110 கிலோமீட்டர் அளவில். பல்லேல் வரை சமவெளி. அதன்பின் தெங்னௌபால் மலை. அசாம் ரைபிள்ஸ் படையினர் வழியில் சாவடிதோறும் நிறுத்திப் பெயரெழுதினர். முந்திய நாள் இம்பாலில் போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருந்தோம். இம்பால் போரில் மாண்ட வீரர்கள் 1,600 பேர் அளவில் அங்கே வரிசையாக உறங்குகின்றனர். புல் சீராக வெட்டப்பட்டிருக்கிறது. அதே மலைகளில் இரண்டாண்டுகள் முன்னதாக நடந்து மடிந்த கூலிக்காரர்க்கும் கணக்கர்க்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் ஒரு கல்லையேனும் அந்த 110 கிலோமீட்டரில் நாங்கள் காணவில்லை. வீரர்களின் மீது எங்களுக்கு மனக்குறை இல்லை.

மோரேயை அடைந்த அன்று வெள்ளிக்கிழமை. இந்தியக் குடிநுழைவிலும் சுங்கத்திலும் முத்திரைகள் தடையின்றி விழுந்தன. நட்புப் பாலத்தின் பாதி வெள்ளை வண்ணம், பாதி மஞ்சள் வண்ணம். வெள்ளையிலிருந்து மஞ்சளுக்குள் உருண்டு, மறுகரையில் நிறுத்தினோம். அங்கிருந்த அதிகாரி, பண்பான இளைஞர், அனுமதிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து குனிந்து, வண்டிச் சட்டத்தில் பொறித்திருந்த எண்ணை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். எங்களில் இளையவரின் வண்டியில் வந்ததும் விரல் நின்றது. சட்டத்தில் பூஜ்யம் இருந்த இடத்தில், கடிதத்தில் 'ஓ' என்ற ஆங்கில எழுத்து இருந்தது. தட்டச்சுப் பிழை. பார்வைக்கு இரண்டும் ஒரே வட்டம்தான். ஆயினும் அவர் பார்வை தவறென்று எங்களால் சொல்ல முடியவில்லை.

வழிகாட்டி நேப்பிடாவுக்குத் தொலைபேசியில் பேசினார். எங்கள் கைக்கடிகாரத்தில் மணி மூன்றரை. மியான்மர் கடிகாரம் நம்மினும் ஒரு மணி நேரம் முந்தியது, அங்கே நான்கரை, அலுவலகம் முடிந்துவிட்டது. இனித் திங்கள்தான். ஒரு வண்டி போகலாம், மற்றது போகக் கூடாது. மனிதர் இருவரும் போகலாம் என்றார் அதிகாரி. கடவுச்சீட்டில் இந்தியாவை விட்டு நீங்கிவிட்டதாக முத்திரை. மியான்மரில் நுழைந்ததாக முத்திரை இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு, எந்த நாட்டிலும் இல்லாதவர்களாய்ச் சற்று நேரம் பாலத்தருகே நின்றோம். முகவரைத் திட்டினோம். ஒருவரையொருவரும் சற்றுத் திட்டிக்கொண்டோம். புறப்படுமுன் எழுத்தெழுத்தாய்ச் சரிபார்ப்பதாகப் பொறுப்பேற்றவர் எங்களில் மூத்தவர். பிறகு வண்டிகளைத் திருப்பி இந்தியக் கரைக்கே வந்தோம். புறப்பாட்டு முத்திரையின் மேல் 'ரத்து' என்ற மற்றொரு முத்திரை விழுந்தது. அந்த அலுவலர் சிரிக்காமல் இருந்ததற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறோம்.

மோரேயில் தமிழர் வாழ்வதை நாங்கள் அறிந்திருந்தோம். தமிழ்ச் சங்கத்திற்கு வழி கேட்டோம். கேட்கப்பட்ட பெரியவர் எங்கள் வண்டி எண்ணைப் பார்த்தார், முகங்களைப் பார்த்தார், "சாப்பிட்டீங்களா?" என்றார். இரண்டு நாட்கள் அவர் வீட்டில் தங்கினோம்.

அவர் பெகு அருகே பிறந்தவர். 1962இல் நெ வின் ஆட்சியைக் கைப்பற்றி, கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கியபின், 1965இல் பதினைந்து வயதில் பெற்றோரோடு கப்பலில் சென்னை வந்திறங்கினார். கையில் கொண்டுவர அனுமதிக்கப்பட்டது மிகச் சொற்பம். அகதி முகாம், வேலையின்மை, புரியாத ஊர். அவருடைய தந்தை இரண்டாண்டு பொறுத்தார். பிறகு, கப்பல் கொண்டுவந்து விட்டதைக் கால்கள் திருப்பிக் கொண்டுபோகும் என்று சொல்லி, குடும்பத்தை ரயிலேற்றி, வடகிழக்கு வந்து, இங்கிருந்து நடந்தே பர்மாவுக்குள் புகுந்தார். அப்படி முயன்ற குடும்பங்கள் பல. பர்மியப் படையினர் தாமுவில் பிடித்துத் திருப்பி அனுப்பினர். திரும்பிப் போகச் சென்னையில் ஒன்றும் இல்லாதவர்கள், எல்லைக்கு இப்பால் மூங்கில் குடிசை போட்டு அமர்ந்தனர். மோரேயின் தமிழர் தெரு அப்படி எழுந்தது. தந்தை அங்கேயே இறந்தார்.

"அப்புறம் நீங்கள் அந்தப் பக்கம் போனதே இல்லையா, ஐயா?" என்று கேட்டோம்.

"ஏன் போகாமல்? வாரம் இரண்டு தடவை போவேன்," என்றார்.

அதுதான் அந்த எல்லையின் விசித்திரம். எல்லையோரத்தார் விசா இன்றி 16 கிலோமீட்டர் வரை போய்வர அன்று ஏற்பாடு இருந்தது. காலையில் கதவு திறந்ததும் நாம்பலோங் சந்தைக்கோ தாமுவுக்கோ போவார். மிளகாயும் துணியும் வாங்குவார். பர்மிய மொழியில் வாயாரப் பேசுவார். மாலை நான்கு மணிக்குக் கதவு அடைபடுமுன் வந்துவிடுவார். பெகு அதற்கப்பால் பல நூறு கிலோமீட்டர். ஐம்பது ஆண்டுகளாகத் தாமு வரை மட்டும் போய்வந்தவரிடம், இரண்டு நாள் தாமதத்தை முன்னிட்டு நாங்கள் வெள்ளி இரவு முழுவதும் புலம்பியிருந்தோம். அவரும் "ஐயோ பாவம், லீவு வீணாகுதே" என்று உண்மையாகவே வருந்தினார்.

ஞாயிறன்று காலை, அவர் மனைவி மொய்ங்கா சமைத்திருந்தார். உண்டுகொண்டிருந்தபோது, இவ்வளவு சிரமப்பட்டு எதற்குப் போகிறீர்கள் என்று பெரியவர் கேட்க, எங்களில் இளையவர் பாட்டியின் திரியைப் பற்றிச் சொன்னார். தாத்தாவின் வாக்கியத்தையும் சொன்னார். தாமுவைத் தாண்டி, கபாவ் பள்ளத்தாக்கு முடிந்து மலை தொடங்கும் இடத்தை வழிகாட்டியிடம் கேட்டுக் கண்டுபிடிக்கப் போவதாகவும் சொன்னார்.

பெரியவர் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"தம்பி, உங்க தாத்தா எந்தப் பக்கமிருந்து வந்தார்?"

எங்களுக்கு உடனே விளங்கவில்லை.

"அங்கிருந்துதானே நடந்து வந்தார். தாமுவைத் தாண்டினால் என்ன ஊர்? மலை எங்கே ஏறுது?" என்று கேட்டு, வாசல் வழியே மேற்கே கையைக் காட்டினார். முந்திய நாள் மறுநாள் என்று எத்தனையோ முறை பார்த்துவிட்ட தெங்னௌபால் மலை அங்கே நின்றது. "அது இந்த இடந்தான்."

எத்தனையோ ஆண்டுகளாக அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்திருக்கிறோம். வரைபடத்தில் விரல் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் இந்தியாவிலிருந்தே தாமுவைத் தாண்டினோம். தாத்தா நடந்த திசையிலிருந்து ஒருமுறையேனும் தாண்டிப் பார்க்கவில்லை. அந்தப் பூஜ்யம் பூஜ்யமாகவே அச்சாகியிருந்தால், அந்த மண்ணின் மேல் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், எல்லைக்கு அப்பால் எங்கோ ஒரு மலையடியில் திரியை ஏற்றி, கடமை முடிந்தது என்று திரும்பியிருப்போம்.

அன்று மாலை, ஊருக்கு மேற்கே சாலை வளைந்து ஏறத் தொடங்கும் இடத்திற்கு நடந்தோம். பெரியவரும் வந்தார். மரங்களுக்கடியில் உதிர்ந்த சருகும் எவரோ எறிந்த பிளாஸ்டிக் புட்டிகளும் கிடந்தன. சரியான இடம் என்று எவர் சொல்ல முடியும்? சருகை ஒதுக்கித் தரையில் ஊன்றி ஏற்றினோம். காற்றில் இருமுறை அணைந்தது. மூன்றாம் முறை பெரியவர் தம் துண்டை விரித்து மறைத்துக்கொண்டார். கிறிஸ்தவரல்லாத அவர், நாங்கள் செபித்து முடிக்கும் வரை அப்படியே குனிந்து நின்றார். அவள் பெயரைச் சத்தமாகச் சொன்னோம். வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லிக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

திங்களன்று பத்து மணிக்குத் திருத்திய கடிதம் வந்தது. புறப்படும்போது பெகுவிலிருந்து ஏதேனும் கொண்டுவரவோ, யாரையேனும் பார்க்கவோ வேண்டுமா என்று பெரியவரிடம் கேட்டோம். அங்கு யாரும் இல்லை என்றார். பிறகு வழக்கமாக எல்லாருக்கும் சொல்வது போலச் சொன்னார்: "நாலு மணிக்குள்ள வந்துடுங்க. கதவை அடைச்சிடுவான்." நாங்கள் தாய்லாந்து வழியாகப் போகிறவர்கள் என்பது அவருக்குத் தெரியும். சரி ஐயா என்றோம்.

பாலம் தாண்டியதும் சாலையின் வலப்பக்கத்திற்கு மாற வேண்டும். 1970 முதல் அந்த நாட்டில் அப்படி. முதல் திருப்பத்தில் பழக்கத்தால் இடப்பக்கம் போய், எதிரே வந்த லாரிக்காரரிடம் வசவு வாங்கினோம். கபாவ் பள்ளத்தாக்கின் சாலை நன்றாக இருந்தது. இந்தியா அமைத்துக் கொடுத்து 2001இல் திறந்தது. பழைய இரும்புப் பாலங்களில் மட்டும் பலகைகள் தடதடத்தன. கலேவாவில் சிந்துவின் ஆற்றைக் கண்டோம். அகன்று, அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு நடந்த பயணம் நல்ல பயணமே; அதை வேறொரு சமயம் எழுதலாம்.

அந்தக் கதவு 2020 மார்ச்சில் நோய்த்தொற்றுக் காலத்தில் மூடப்பட்டது. 2021 பெப்ருவரியில் மியான்மரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 2023 மே மாதம் மணிப்பூரில் மூண்ட வன்முறையில் மோரேயிலும் வீடுகள் எரிந்தன. விசா இன்றிப் போய்வரும் ஏற்பாட்டை நீக்குவதாக இந்திய அரசு 2024 பெப்ருவரியில் அறிவித்தது. பெரியவரும் மனைவியும் சென்னையில் மகள் வீட்டிற்கு வந்துவிட்டனர் என்று அறிந்து, பார்க்கப் போனோம். செங்குன்றம் பக்கம், மாடியில் சிறிய வீடு. எங்களை அடையாளம் கண்டுகொண்டார். சில செய்திகள் மட்டும் அவர் நினைவில் கலைந்திருந்தன. மகள் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

"அந்த இன்னொரு வண்டியை உள்ளே விட்டானா, இல்லையா?" என்று கேட்டார்.

விட்டார்கள், ஐயா, என்றோம்.