அட்வான்ஸ் வாங்கிய பங்கு

6 அக்டோபர் 2025, திங்கள்

இன்று ஒரு கால் விற்றேன். (இதை இப்படியே வீட்டில் சொன்னால் பயந்துவிடுவார்கள்.) 2020 ஊரடங்கில் 180 ரூபாய்க்கு வாங்கிய பங்கு, கையில் ஆயிரம், சரியாக ஒரு லாட். இன்றைய விலை 620. அக்டோபர் 650 கால், அதாவது மாதக் கடைசியில் என் பங்கை 650-க்கு வாங்கிக்கொள்ளும் உரிமை, பங்குக்கு 9 ரூபாய்க்குப் போனது. 9,000 வரவு. பங்கை அடகு வைத்துத்தான் மார்ஜின் (பிணைத்தொகை). அதிலும் பாதி ரொக்கமாக இருக்க வேண்டும் என்பதால் சேமிப்புக் கணக்கிலிருந்து கொஞ்சம் நகர்த்தினேன். சும்மா கிடக்கும் வீட்டை வாடகைக்கு விடுவது போலத்தான் கவர்டு கால் என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருக்கிறேன்.

17 அக்டோபர்

பங்கு 658. நான் 9-க்கு விற்ற கால் இப்போது 17. கணக்குப்படி எனக்கு நஷ்டமே இல்லை: 650 வரையிலான ஏற்றமும் என்னுடையது, அந்த 9 ரூபாயும் என்னுடையது. 659-ஐத் தாண்டினால்தான் வருத்தப்பட வேண்டும். ஆனாலும் நம் பங்கு ஏறுகிறதே என்று வயிறு எரிகிறது.

ஒரு நிம்மதி. நம் சந்தையில் கால் உள்ளிட்ட பங்கு ஆப்ஷன்கள் 2011 முதல் ஐரோப்பிய முறை. எக்ஸ்பைரிக்கு (ஒப்பந்தம் முடியும் நாளுக்கு) முன்னால் யாரும் பங்கைக் கேட்டு வர முடியாது. அமெரிக்காவில் டிவிடெண்டுக்கு முந்தின நாளே பிடுங்கிக்கொண்டு போகலாம். எனக்கு 28-ம் தேதி செவ்வாய் வரை நேரம் இருக்கிறது. செப்டம்பரில்தான் எக்ஸ்பைரி நாள் வியாழனிலிருந்து செவ்வாயாக மாறியது. கண் இன்னும் வியாழனையே தேடுகிறது.

21 அக்டோபர்

தீபாவளி முகூர்த்த வர்த்தகம் இந்த ஆண்டு மதியம் 1.45-லிருந்து 2.45 வரை. விலை 663. மனைவியிடம் புலம்பினேன்.

"650-க்குக் குடுக்கறேன்னு நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க? குடுக்க மனசில்லைன்னா ஏங்க பணம் வாங்குனீங்க?"

மாமனார் ஒரு மனைக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டு, விலை ஏறியதும் தூக்கமில்லாமல் கிடந்தவர். அவளுக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை. இது வாடகை இல்லை, கிரய ஒப்பந்தம். விலை இறங்கினால் வாங்குகிறவர் அட்வான்ஸை விட்டுவிட்டுப் போய்விடலாம். நான் போக முடியாது.

24 அக்டோபர்

விலை 671. ரோல் செய்தேன். அக்டோபர் 650-ஐ 22.50 கொடுத்துத் திரும்ப வாங்கி, நவம்பர் 670-ஐ 20-க்கு விற்றேன். அடுத்த மாதக் காலில் கூட்டமே இல்லை. வாங்க 19, விற்க 22 என்று இடைவெளி. மார்க்கெட் விலைக்குப் போட்டிருந்தால் 19-தான் கிடைத்திருக்கும். 20-க்கு லிமிட் போட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன்.

நவம்பர் 650 காலுக்கு 32 கிடைத்திருக்கும். கைக்குப் பணம் வரும், ஆனால் அதே 650-க்கு இன்னொரு மாதம் கட்டுப்பட வேண்டும். பங்குக்கு 2.50 கையிலிருந்து கொடுத்து, விற்கும் விலையை 20 ரூபாய் உயர்த்திக்கொண்டதே மேல்.

கணக்கு நோட்டில் மட்டும் பொய் எழுதக் கூடாது. அக்டோபர் காலில் 13.50 நஷ்டம், ஆயிரத்துக்கு 13,500. புதிதாக வந்த 20,000-ஐ வருமானம் என்று எழுதி இதை மறைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். போன வருடம் வரை நானும் மறைத்தேன். இரண்டையும் சேர்த்தால் இதுவரை நிற்பது 6.50 மட்டும்.

20 நவம்பர்

விலை 684. நவம்பர் 670 கால் 17, டிசம்பர் 690 கால் 18. மறுபடி ரோல் செய்தால் ஒரு ரூபாய் கைக்கு வரும், விற்கும் விலை இன்னும் 20 உயரும். கை துறுதுறுக்கிறது.

ஆனால் இன்று இந்தப் பங்கு என்னிடம் இல்லையென்றால் 684-க்கு வாங்குவேனா? மாட்டேன். அப்படியானால் ரோல் செய்வது பிரிய மனமில்லாமல்தான். 600-க்குச் சரிந்தால் அந்த 18 ரூபாய் எதைத் தாங்கும்?

பங்கைக் கொடுத்துவிடலாம் என்று அடகை விடுவிக்கச் சொல்லிவிட்டேன். விடுவித்தால் மார்ஜின் குறையும். அதற்கும் ரொக்கம் கட்டினேன். 2019 அக்டோபரிலிருந்து எல்லாப் பங்கு ஆப்ஷன்களுக்கும் பங்கையே கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும். கணக்கில் பங்கு தயாராக இல்லாவிட்டால் ஏலம், அபராதம்.

26 நவம்பர்

நேற்று 681-ல் முடிந்தது. ஆயிரம் பங்கும் 670-க்குப் போய்விட்டது. கால் விற்றதில் நின்ற 6.50-ஐயும் சேர்த்தால் 676.50, தரகும் வரியும் போக இன்னும் கொஞ்சம் குறையும். பங்கு விற்ற லாபத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் 12.5 சதவீதம் வரி. ஆப்ஷன் கணக்கு வியாபார வருமானமாம். இந்த முறை ஐடிஆர்-3 போட வேண்டும் என்று ஆடிட்டர் சொல்லியிருக்கிறார்.