ஆரணிக்கு ஒரு பயணம்: வாடகைக் கார் தேவைதானா?

 

நம் இல்லங்களில் நிக்காஹ் நிச்சயமானதும் அடுத்த நாள் எழும் பேச்சு, "பட்டு எங்கே எடுப்பது?" என்பதுதான். ஒருவர் காஞ்சிபுரம் என்பார். மற்றொருவர் ஆரணி என்பார். அதை முடிவு செய்து முடிப்பதற்குள், "கார் பேசலாமா, பேருந்தில் போகலாமா?" என்ற இரண்டாவது வாதம் தொடங்கிவிடும். முதல் வாதத்தைவிட இது நீண்டு போவதும் உண்டு. இந்தக் கேள்விக்கு ஆரணியின் தெருக்கள் எனக்குக் கற்றுத் தந்த விடையைத் தங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஊரை அறிவோம்

கமண்டல நாகநதியின் கரையில் அமைந்தது ஆரணி. திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. சென்னையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். ஆற்காட்டிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்திற்கும் குறைவான பயணம். 'ஆற்றுக்கு அணியானது' என்பதே ஆரணி ஆயிற்று எனப் பெயர்க் காரணம் சொல்வார்கள். பட்டும் அரிசியும் இவ்வூரின் இரு கண்கள். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது; அருகிலுள்ள களம்பூர் அரிசிக்கும் தனிப் பெயர் உண்டு.

வரலாற்றிலும் ஆரணிக்கு இடமுண்டு. 1751 டிசம்பர் 3 அன்று, ஆற்காட்டு முற்றுகை நீங்கிய சில நாட்களில், சந்தா சாஹிபின் மைந்தர் ராஜா சாஹிபின் படையை ராபர்ட் கிளைவ் இவ்வூருக்கருகே தோற்கடித்தார். 1782 ஜூன் 2 அன்று நவாப் ஹைதர் அலியின் படையும் சர் அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் இதே ஆரணியில் மோதின. அதே ஆண்டு டிசம்பரில் ஹைதர் அலி சித்தூருக்கு அருகே மறைந்தார். பெரும் படைகள் வந்து போன இந்த மண்ணில், சௌராஷ்டிரர், செங்குந்தர் முதலிய சமூகத்தார் தறியின் முன் அமர்ந்து தங்கள் தொழிலைப் பல தலைமுறைகளாகக் காத்து வந்துள்ளனர்.

ஊருக்குச் செல்லும் வழியில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதையில் 'ஆரணி ரோடு' என்றொரு நிலையம் உண்டு. பெயரைப் பார்த்து ஊர் வந்துவிட்டது என எண்ணி இறங்கினால், தாங்கள் நிற்பது களம்பூரில்! அங்கிருந்து ஆரணிக்குச் சாலை வழியாகவே வரவேண்டும். ஆகவே ஆரணிக்குப் பேருந்து அல்லது கார், இவ்விரண்டே வழி.

எங்கள் முதற்பயணம்

என் சகோதரி மகளின் நிக்காஹ்வுக்காக முதன்முறை சென்றபோது, பெரியவர் ஐவரும் குழந்தைகள் இருவருமாக இரண்டு நாட்களுக்குக் கார் பேசினோம். வண்டி நல்ல வண்டி. ஓட்டுநரும் பண்பான இளைஞர். பாதி வழியில் அவர், "பட்டுக்குத்தானே பாய் போறீங்க? எனக்குத் தெரிஞ்ச நல்ல கடை ஒண்ணு இருக்கு" என்றார். நாங்களும் மகிழ்ந்தோம். ஆரணிக்கு முன்பே நெடுஞ்சாலையோரக் கடையொன்றில் வண்டி நின்றது. அதன் பெயர் இங்கு வேண்டாம். குளிரூட்டிய கூடம், குளிர்பானம், அடுக்கடுக்காகச் சேலைகள். நான்கு சேலைகளை எடுத்து முடிப்பதற்குள் அஸர் நேரம் வந்துவிட்டது. வெளியே வருகையில் ஓட்டுநரின் கையில் ஓர் உறை சேர்ந்ததைக் கண்டும் காணாதவர்களாய் நின்றோம்.

ஊருக்குத் திரும்பிய பின், நெசவறிந்த நண்பர் ஒருவர் அச்சேலைகளைப் பிரித்துப் பார்த்தார். "இவற்றில் இரண்டு கைத்தறி அல்ல, விசைத்தறி" என்றார். கைத்தறிக்குரிய விலையையே நாங்கள் கொடுத்திருந்தோம். ஆரணிக்குச் சென்றும் ஒரு தறியைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

ஓட்டுநரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடும்பத்தைப் பிரிந்து இரவும் பகலும் வண்டி ஓட்டுபவருக்கு அது ஒரு சிறு வரும்படி. குற்றம் எங்களுடையது. மூவர் பயணம் புறப்பட்டால் தங்களில் ஒருவரை அமீராக்கிக்கொள்ளுமாறு மாநபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். நாங்களோ மஷ்வரா செய்யவுமில்லை, அமீரை நியமிக்கவுமில்லை. வாடகைக்கு எடுத்த வண்டியே எங்களுக்கு அமீராகிவிட்டது!

கணக்கைப் பாருங்கள்

இனிச் செலவுக் கணக்கு. வெளியூர் வாடகைக் கார்களுக்கு, ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாளொன்றுக்குக் குறைந்தபட்சத் தூரம் என ஒன்று உண்டு. பெரும்பாலும் அது 250 கிலோமீட்டர். நாள் என்பதைப் பலரும் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை எனக் கணக்கிடுகின்றனர். சென்னை–ஆரணி போகவர 280 கிலோமீட்டர்தான். ஆனால் இரவு தங்கி இரண்டு நாளாக்கினால் 500 கிலோமீட்டருக்குப் பணம் தரவேண்டும். அதன்மேல் ஓட்டுநர் படி, சுங்கச்சாவடிக் கட்டணம். தெருவில் சும்மா நிற்கும் வண்டிக்கும் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். எனவே கார் பேசுவதானால் ஒரே நாளில் போய் வருவதே சிக்கனம். இரவு தங்குவதானால் வேறு வழியை யோசிப்பது நலம்.

எண் பலகையையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகைக் காருக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்டிச் செல்ல வாடகைக்குத் தரப்படும் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்துள்ள சொந்தக் காரை யாரேனும் குறைந்த வாடகைக்குத் தருவதாகச் சொன்னால் ஏற்காதீர்கள். அது சட்டத்திற்குப் புறம்பானது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடக் கூடும். சில நூறு ரூபாய் மிச்சத்திற்காகக் குடும்பத்தையே அடகு வைக்கலாகாது.

காருக்கு ஆதரவாகவும் நியாயங்கள் உண்டு. முழங்கால் வலியுள்ள தாயாரையும் கைக்குழந்தையையும் நெரிசலான பேருந்தில் ஏற்றுவது எளிதன்று. தொழுகையும் இருக்கிறது. சென்னையிலிருந்து ஆரணி செல்பவர் கஸ்ர் செய்யும் முஸாஃபிர் ஆகிறார். ஷாஃபிஈ மத்ஹபினர் இரு நேரத் தொழுகைகளைச் சேர்த்தும் தொழலாம். ஹனஃபி மத்ஹபினரோ அந்தந்த நேரத்தில் இறங்கித் தொழவேண்டும். நாம் சொன்ன இடத்தில் நிற்கும் வண்டி இதற்குப் பேருதவி.

இரண்டாம் பயணம்

மீதமிருந்த சேலைகளுக்காக மீண்டும் புறப்பட்டபோது முதலில் எல்லோரும் அமர்ந்து மஷ்வரா செய்தோம். அமீர் யார் தெரியுமா? என் இல்லத்தரசி! "போகும்போது பேருந்து; கார் வேண்டுமானால் ஆரணியில் அரை நாளுக்குப் பேசிக்கொள்வோம்" என்பது அவருடைய தீர்ப்பு. அம்முறை நால்வரே சென்றதால் அது எளிதாயிற்று. சனிக்கிழமை காலைப் பேருந்து காஞ்சிபுரம், செய்யாறு வழியாக லுஹருக்கு முன் எங்களை ஆரணியில் இறக்கிவிட்டது. பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, நெசவாளர் தெருக்களை நோக்கி நடந்தே சென்றோம்.

நடந்தால்தான் தறியின் ஓசை காதில் விழும் என்பதை அன்று உணர்ந்தேன். காரின் கண்ணாடிக்குள் அது வருவதில்லை. ஒரு வீட்டு வாசலில் தயங்கி நின்றோம். "உள்ள வாங்க பாய், வாங்கம்மா" என்றார் முதியவர் ஒருவர். தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை வைத்து, மிதியை மாற்றி மாற்றி மிதித்தபடி நெய்துகொண்டிருந்தார். கர்நாடகத்துப் பட்டு நூலும் சூரத்து ஜரிகையும் அவர் கைக்குள் சேலையாகிக்கொண்டிருந்தன. நீளவாட்டில் ஓடும் நூல் பாவு. குறுக்கே நாடா கொண்டு செல்வது ஊடை. ஒரு பாவிலிருந்து மூன்று நான்கு சேலைகள் இறங்கும். மேலே தொங்கும் ஜக்கார்டு பெட்டியின் துளையிட்ட அட்டைகளே பூவையும் மாங்காயையும் நூலுக்குச் சொல்லிக்கொடுக்கின்றன. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்கு ஒரு வாரமும் ஆகும். பதினைந்து நாளும் ஆகும். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஏறினால் வேலை நின்றுவிடும்.

"பிள்ளைகள் இத்தொழிலில் இருக்கிறார்களா?" என்று கேட்டேன்.

"ஒரே பையன் பாய். சென்னையில வாடகைக் கார் ஓட்டுறான். தறியில உட்காருன்னு நானும் சொல்லல" என்றார்.

பிறகு அந்தச் சேலைக்கு அவருக்குக் கிடைக்கும் கூலியைச் சொன்னார். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். முதற்பயணத்தில் இரண்டு நாள் காருக்கு நாங்கள் கொடுத்த தொகை அதைவிட அதிகம். வீட்டினர் கண்டெடுத்துக் கொடுத்த நூலையும் சேர்த்து, ஒரு மனிதரின் பல நாள் உழைப்பு அது. அன்றிரவு விடுதியில் எங்களில் எவரும் அதிகம் பேசவில்லை.

ஞாயிறு காலை ஃபஜ்ருத் தொழுதவுடன் மீண்டும் அத்தெருவுக்குச் சென்றோம். வெயில் ஏறுமுன் பாவைத் தெருவின் நீளத்துக்கு விரித்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, அறுந்த இழைகளை ஆணும் பெண்ணுமாக இணைத்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் இரவு தங்கியவருக்கே கிடைக்கும் காட்சி இது. நெசவாளர் வழிகாட்டிய இடத்திலேயே சேலைகளை எடுத்தோம். பட்டுக்குரிய முத்திரையையும் கைத்தறி முத்திரையையும் பார்த்து, ரசீதும் பெற்றுக்கொண்டோம்.

அதன்பின் உள்ளூரில் அரை நாளுக்கு ஒரு கார் பேசினோம். ஆரணி ஜாகீர்தார்களின் பூசிமலைக்குப்பம் மாளிகை காடு சூழச் சிதைந்து நிற்பதைப் பார்த்தோம். செல்வத்தின் நிலையாமைக்கு வேறு சான்று தேவையில்லை. அங்கிருந்து ஆற்காடு. திப்பு மஸ்தான் அவ்லியாவின் அடக்கத்தலம் இங்குள்ளது. ஹைதர் அலி தம் மைந்தருக்குத் திப்பு எனப் பெயரிட்டது இப்பெரியாரின் நினைவாகத்தான். மக்கன் பேடா வாங்கிக்கொண்டு, காரை அனுப்பிவிட்டு, ஆற்காட்டிலிருந்து பேருந்தில் சென்னை வந்து சேர்ந்தோம். செலவு முதற்பயணத்தில் பாதிகூட ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

தாங்கள் புறப்படுமுன்

முதியவரும் குழந்தைகளும் உடன் வந்தால் தயங்காமல் கார் எடுங்கள். ஒரு நாளில் திரும்புமாறு திட்டமிட்டு, ஃபஜ்ருத் தொழுதவுடன் புறப்படுங்கள். எங்கெங்கே நிற்பது என்பதைப் புறப்படும்போதே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். "கடையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் தம்பி" என்று அன்பாகச் சொன்னால் போதும். அவரைத் தங்களோடு அமர்த்தி உண்ணச் செய்யுங்கள். திரும்பும்போது கை நிறையக் கொடுங்கள். உறையை எதிர்பார்க்கும் நிலையில் அவரை நாமே வைத்துவிட்டுப் பிறகு நொந்துகொள்வது நியாயமாகாது. மூன்று நான்கு பேர் மட்டும் எனில் பேருந்தில் சென்று, தேவைப்படும் அரை நாளுக்கு மட்டும் உள்ளூர்க் கார் பேசுங்கள். எப்படிச் சென்றாலும் நெசவாளர் தெருவின் முனையில் வண்டியை விட்டு இறங்கிவிடுங்கள்.

சேலையின் ஓரத்திலிருந்து இரண்டொரு இழையைக் கேட்டுப் பெற்று எரித்துப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் எழுந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் அது பட்டு. உருகி உருண்டையானால் செயற்கை இழை. இன்னொன்றையும் மறவாதீர்கள்: பட்டு நம் பெண்களுக்கே ஆகுமானது. தோல் அரிப்பின் காரணமாக அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் (ரலி) ஆகிய தோழர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த சலுகை, மாப்பிள்ளையின் பட்டுச் சட்டைக்குச் சான்றாகாது.

அந்த முதியவரின் மகன் இன்றும் சென்னையில் கார் ஓட்டிக்கொண்டிருக்கலாம். தங்கள் வாசலில் நாளை வந்து நிற்கும் வாடகைக் காரை ஓட்டி வருபவர் அவராகவே இருக்கலாம். அவருக்கும் உரிய கூலி. அவர் தந்தைக்கும் உரிய கூலி. உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். ஒரு சேலை வாங்கும் பயணத்திலும் அதைப் பேணிக்கொள்ள வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.