ரெண்டு சம்பளம்

2022 ஜூனில் 'விக்ரம்' வெளியாகி இரண்டாவது வாரம், அம்மாவைக் காந்திபுரத்தில் ஒரு தியேட்டருக்கு அழைத்துக்கொண்டு போனேன். அவள் தியேட்டருக்கு வந்து ஏழெட்டு வருடம் இருக்கும். இளவயதில் கமல் படம் ஒன்றையும் விட்டதில்லை என்பாள். டைரக்டர் லோகேஷ் கனகராஜ் கிணத்துக்கடவுக்காரர் என்றதும் இன்னும் கொஞ்சம் உற்சாகம். அம்மா பிறந்த ஊரும் அதே பொள்ளாச்சி ரோட்டில்தான். "நம்மூருப் பையனா கண்ணு? அப்பப் போலாம்."

படம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 'பிளாக் ஸ்குவாட்' என்று ஒரு ரகசியப் படை. அரசே அதை உருவாக்குகிறது, பிறகு அரசே அதைக் கைவிட்டுத் துரோகிகள் என்று வேட்டையாடுகிறது. தப்பியவர்கள் வேறு பெயரில், வேறு வேலையில் மறைந்து வாழ்கிறார்கள். அவர்களின் தலைவன்தான் விக்ரம். 'கைதி' (2019), 'விக்ரம்', 'லியோ' (2023) மூன்றும் நடப்பது ஒரே கற்பனை உலகத்தில். ரசிகர்கள் அதற்கு எல்.சி.யூ. என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

விக்ரமின் மருமகளும் கைக்குழந்தையான பேரனும் இருக்கும் வீட்டில் வேலை செய்ய ஒரு பெண் இருக்கிறார். சேலை கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, சட்டத்தின் ஓரத்தில் வந்து போகிறார். பாதிப் படம் வரை அவரை நாம் பார்க்கவே இல்லை. வில்லனின் ஆட்கள் வீட்டுக்குள் நுழையும்போதுதான் அவர் 'ஏஜெண்ட் டீனா' என்பது தெரிகிறது. முள்கரண்டியைக் கையில் எடுக்கிறார். அத்தனை ஆண்களையும் சமாளித்துக் குழந்தையைக் காப்பாற்றப் போராடி, கடைசியில் செத்துப்போகிறார். நடித்தவர் வசந்தி. கேமராவுக்குப் பின்னால் நடனம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்தவர்.

தியேட்டரில் விசில் காதைப் பிளந்தது. நானும் விசிலடித்தேன். நாற்பது வயதில், கல்லூரியில் பாடம் நடத்துகிற பெண், பக்கத்தில் அம்மாவை வைத்துக்கொண்டு. அம்மா மட்டும் கைதட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

சிங்காநல்லூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டாள். "ஏங்கண்ணு, அந்தப் பொம்பளைக்கு எச்சாச் சம்பளம் குடுத்திருப்பாங்களா?"

"எந்தப் பொம்பளைம்மா?"

"அதா, போசி கழுவுன பொம்பளை. ஊட்டு வேலையும் செஞ்சிருக்குது, காவலும் காத்திருக்குது. ரெண்டு சம்பளமல்ல வரோணும்?"

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

அப்பா வேலை பார்த்த மில்லை மூடியபோது நான் ஆறாம் வகுப்பு. கோவையில் அப்போது மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டு இருந்தன. ஆண்கள் சங்கத்து வாசலில் உட்கார்ந்து பாக்கிப் பணத்துக்காகக் காத்திருந்தார்கள். எங்கள் வீதிப் பெண்கள் மறுவாரமே விடிகாலை பஸ்ஸில் ஏறினார்கள். ரேஸ்கோர்ஸ், ஆர்.எஸ்.புரம், சாய்பாபா காலனி. அம்மாவுக்கு நான்கு வீடு. எந்த வீட்டிலும் முன்வாசல் கிடையாது. பின்பக்கம் துணி துவைக்கும் கல், அதற்குப் பக்கத்து மாடத்தில் அவளுக்கென்று கவிழ்த்து வைத்த ஒரு டம்ளர். அந்த டம்ளரை அவளே கழுவி, அவளே கவிழ்க்க வேண்டும். ஏன் தனி டம்ளர் என்று எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கேட்காமலே தெரியும்.

டீனாவை வில்லன்கள் ஏன் சந்தேகப்படவில்லை? வேலைக்காரி என்பதால். நாமும் ஏன் கவனிக்கவில்லை? அதே காரணம்தான். அந்த விசில் நம்முடைய பார்வைக்குறைவின் மீது கட்டப்பட்டது என்று எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஒரு ரகசியப் படைக்கு இதைவிட நல்ல மாறுவேடம் கிடைக்காது. துடைப்பத்தோடு ஒரு பெண் அறைக்குள் வந்தால் பேசிக்கொண்டு இருப்பவர்கள் பேச்சை நிறுத்துவதில்லை. சொத்துத் தகராறு, கல்யாணப் பேரம், யாருக்கு எந்த மாத்திரை, யார் யாரை அடித்தது, எல்லாம் அவள் காதில் விழும். நான்கு வீட்டு உளவும் அம்மாவிடம் இருந்தது. ஒருநாளும் எங்களிடம் அவள் வாய் திறந்ததில்லை.

நான் பத்தாவது படிக்கும்போது ஒரு வீட்டில் தங்கச் சங்கிலி காணாமல் போனது. யார் வீடு என்பது இங்கே வேண்டாம். அம்மாவைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டுக் கூடத்தில் அவள் வேலையில்லாமல் நின்றது அன்றைக்குத்தான். பையைக் கொட்டச் சொன்னார்கள். சாப்பாட்டுப் போசியைத் திறக்கச் சொன்னார்கள். முந்தானையை உதறச் சொன்னார்கள். அம்மா உதறினாள். மூன்றாம் நாள், அந்த வீட்டுப் பையன்தான் அதை அடகு வைத்திருந்தான் என்று தெரிந்தது. யாரும் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த மாதம் ஒரு பழைய சேலை கொடுத்தார்கள்.

இது வரைக்கும் எனக்குத் தெரிந்த கதை. அன்றைக்குப் பஸ்ஸில் அம்மா மீதியைச் சொன்னாள். சங்கிலி காணாமல் போன மறுநாளே அவளுக்கு விஷயம் தெரியும். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் அடகுச் சீட்டு இருந்திருக்கிறது. நனையாமல் எடுத்து, காயவைத்த துணிகளோடு பையனின் மேசையில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவளைக் கூடத்துக்குக் கூப்பிட்டது.

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"சொன்னா நம்புவாங்களா? அந்தச் சீட்டையே நாந்தான் வெச்சேன்னு சொல்லுவாங்க. நம்புனாலும் வெச்சிருப்பாங்களா? ஊட்டு வெசயத்தச் சொல்றவன்னு பேராயிரும். பொறகு அந்த வீதியிலயே பொழைக்க முடியாது. உனக்குப் பரீட்சைப் பணம் கட்டோணும் அந்த மாசம்."

உளவுப் படங்களில் ஒரு காட்சி தவறாமல் வரும். பிடிபட்டவனை விசாரிப்பார்கள். அவன் வாய் திறக்க மாட்டான். நாட்டுக்காகச் செய்துகொடுத்த சத்தியம் அது, பின்னணி இசை உயரும். முந்தானையை உதறிக்கொண்டு வாய் திறக்காமல் நின்ற அம்மாவுக்கு எந்தச் சத்தியமும் இல்லை. சொன்னால் வேலை போகும், அவ்வளவுதான். அவளுடைய மௌனத்தை நான் இத்தனை வருடம் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். மேடைகளில் அப்படிப் பேசியும் இருக்கிறேன். அது பயம். பயத்தை வீரம் என்று புகழ்வது புகழ்கிறவர்களுக்குத்தான் வசதி.

படத்தை மறுபடி ஓடிடியில் பார்த்தபோது வேறு ஒன்றும் தெரிந்தது. டீனாவை நாம் கொண்டாட வேண்டுமானால் அவள் வேலைக்காரியாக இருக்கக் கூடாது. துடைப்பமும் சேலையும் வேஷம், உள்ளே இருப்பவள் பயிற்சி பெற்ற வீராங்கனை என்று படம் நமக்கு உறுதி சொல்ல வேண்டியிருக்கிறது. அவள் உண்மையிலேயே வேலைக்காரியாக இருந்து, அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடிப் பிழைத்திருந்தால் விசில் வந்திருக்குமா? குழந்தையோடு ஓடுகிற வேலைக்காரிக்கு நம் சினிமாவில் ஒரு பத்து நொடி கிடைத்தால் அதிகம்.

அந்தப் படையில் இருக்கும் ஆண்களின் வீட்டுப் பெண்களுக்கும் அதே கணக்குத்தான். ரகசியப் பிரிவில் இருக்கும் அமரின் மனைவி காயத்ரிக்குப் புருஷன் என்ன வேலை செய்கிறான் என்றே தெரியாது. அந்த வேலைக்காக அவள் தலை போகிறது. 1986-இல் வந்த பழைய 'விக்ர'மிலும் நாயகனின் மனைவி தொடக்கத்திலேயே கொல்லப்படுகிறாள். சுஜாதா எழுதிய அந்தக் கதையில் கடத்தப்பட்ட ஏவுகணை இருந்தது, கம்ப்யூட்டர் நிபுணராக ஒரு பெண்கூட இருந்தாள். முப்பத்தாறு வருடத்தில் ஆயுதங்கள் எவ்வளவோ மாறிவிட்டன. பெண் செத்தால்தான் ஆணுக்குக் கோபம் வரும் என்பது மாறவில்லை. இந்தக் கூட்டத்தில் டீனாவுக்குக் கிடைத்தது, சண்டை போட்டுவிட்டுச் சாகிற உரிமை. அதற்கே நாங்கள் அவ்வளவு விசிலடித்தோம் என்றால் எங்கள் பசி எவ்வளவு இருந்திருக்கும்! அந்தப் பசியை நான் குறைத்துப் பேச மாட்டேன். அதே 2022-இல்தான், உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, தேசியப் பாதுகாப்பு அகாடமியில் முதல் தடவையாகப் பெண்கள் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள்.

ஆனால் அம்மா கேட்டது வீரத்தைப் பற்றி இல்லை, சம்பளத்தைப் பற்றி.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-இல் நலவாரியம் வந்தது. 2018-இல் அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது, சாதாரண வேலைக்கு மணிக்கு 37 ரூபாய். வீட்டு வேலையும் கண்ணியமான வேலைதான் என்று சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆவது உடன்படிக்கை 2011-இல் வந்தபோது இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது, இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. இவையெல்லாம் எனக்குத் தெரியும். கருத்தரங்கில் பேசியிருக்கிறேன். பஸ் ராமநாதபுரம் தாண்டும்போது என் மனது தானாக ஒரு கணக்குப் போட்டது.

சரவணம்பட்டியில் என் வீட்டுக்கு ஓர் அக்கா வேலைக்கு வருகிறார். ஒருநாளைக்கு இரண்டு மணி நேரம், மாதம் அறுபது மணி. முப்பத்தேழால் பெருக்கினால் 2,220 ரூபாய். அதுவும் நான்கு வருடத்துக்கு முந்தைய விலைவாசிக்கு. நான் கொடுத்துக்கொண்டு இருந்தது 2,000.

எங்கள் வீட்டில் தனி டம்ளர் கிடையாது, அவர் சோபாவில் உட்காரலாம், அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன் என்பதையெல்லாம் வைத்து நான் என்னை வேறு மாதிரி நினைத்துக்கொண்டு இருந்தேன். இரண்டு வருடமாக மாதம் 220 ரூபாய் குறைத்துக் கொடுத்திருக்கிறேன். நான்கு வீட்டில் போசி கழுவிய பொம்பளையின் மகள்.

மறுநாள் அவரை உட்காரவைத்துக் கணக்கைச் சொன்னேன். சம்பளத்தை 4,000 ஆக்கி, ஞாயிறு லீவு, விட்டுப்போன பாக்கி என்று பேசினோம். அவர் அதிகம் ஒன்றும் சொல்லவில்லை. "ஏனுங், வேலை எதுனா எச்சாச் செய்யோணுங்களா?" என்று மட்டும் கேட்டார். எச்சாக் கொடுத்தால் எச்சாக் கேட்பார்கள் என்பது அவர் அனுபவம். இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்புவதற்கு இரண்டு மாதம் ஆனது.

நலவாரியத்தில் பதிவு செய்ய ஆதாரைக் கொண்டுவந்தபோதுதான் பார்த்தேன். இரண்டு வருடமாக எங்கள் குடியிருப்பின் கேட்டில் பதிவாகிவருவது வேறு பெயர். முதல் நாள் செக்யூரிட்டி தப்பாகக் காதில் வாங்கி எழுதியது. "திருத்தச் சொல்லலியாக்கா?" என்றேன். "யாரு கூப்புடறாங்க அந்தப் பேர வெச்சு?" என்றார். அவர் உண்மையான பெயரை இங்கே எழுதலாமா என்று கேட்டேன். வேண்டாமுங் என்றுவிட்டார். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் படிக்கக்கூடும், சம்பளக் கணக்கு இருக்கிறதல்லவா.

அம்மாவிடம் இதைப் போனில் சொன்னேன். பாராட்டுவாள் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

"பாக்கி எவ்வளவு குடுத்தே?"

சொன்னேன்.

"தீபாவளிக் காசு இதுல சேராது. அது தனி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.