இடது பக்கம் நெல், வலது பக்கம் முள்

கிராவல் பைக் என்று ஒரு சமாச்சாரம் வந்திருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். தார் ரோட்டுக்கும் சரிப்படும், மண் பாதைக்கும் சரிப்படும் என்று ஒரு சைக்கிள். ஹாண்டில்பார் ரேஸ் சைக்கிள் மாதிரி ஆட்டுக்கொம்பாக வளைந்திருக்கும். டயர் மட்டும் தடி. நல்லதாக ஒன்று வாங்க லட்ச ரூபாயை எண்ணி வைக்க வேண்டும். என் சிநேகிதன் ஒருவன் வாங்கிவிட்டான். டயர் 40 மில்லிமீட்டராம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமிதம்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் நிற்கும் அப்பாவின் பழைய ஹெர்குலிஸ் டயரை டேப் வைத்து அளந்தேன். இருபத்தெட்டுக்கு ஒன்றரை. ஒன்றரை அங்குலம் என்றால் 38 மில்லிமீட்டர். ஆக, வெள்ளைக்காரன் இப்போது கண்டுபிடித்ததை எங்கள் ஊர்ப் பால்காரர் ரெண்டு பக்கமும் கேனைத் தொங்கவிட்டுக்கொண்டு அரை நூற்றாண்டாக ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். சிநேகிதனிடம் சொன்னேன். அரை நாள் பேசவில்லை.

இந்த மோகத்துக்கெல்லாம் தலைநகரம் இத்தாலியில் இருக்கிறது. டஸ்கனி மாநிலத்தில் கியாண்டி என்கிற பிரதேசம். குன்று, குன்று மேல் திராட்சைத் தோட்டம், தோட்டத்துக்கு நடுவே சுண்ணாம்பு நிறத்தில் மண் ரோடு. 'வெள்ளைச் சாலைகள்' என்றே அவற்றுக்குப் பெயர். ஒவ்வொன்றாகத் தார் பூசிக்கொண்டு வந்தார்கள். அந்த ஊர்க்காரர் ஜான்கார்லோ புரோச்சி என்பவருக்குப் பொறுக்கவில்லை. 1997-ல் 'எரோய்க்கா' என்று ஒரு சைக்கிள் திருவிழா ஆரம்பித்தார். முதல் வருஷம் நூறு பேர்கூடச் சேரவில்லை. பிற்பாடு ஆயிரக்கணக்கில் கூட ஆரம்பித்தார்கள். வழியில் டிபனுக்கு ரொட்டி, சூப்போடு ஒயினும் உண்டு. 2007-லிருந்து அதே பாதைகளில் பெரிய தொழில்முறைப் பந்தயமும் நடக்கிறது. இன்றைக்கு அந்த மண் ரோட்டைத் தொட யாராவது தார் டின்னோடு வந்தால் ஊரே அடிக்க வரும்.

எரோய்க்காவில் ஒரு விதி: சைக்கிள் 1987-க்குப் பிந்தியதாக இருக்கக்கூடாது. அப்பாவின் ஹெர்குலிஸ் தாராளமாகத் தேறும். (ரேஸ் சைக்கிளாகவும் இருக்க வேண்டும் என்று இன்னொரு விதி. அதை விடுங்கள்.) தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை வந்ததும் அதே 1987. ஆகவே நம் ஊரில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு வழியில் இளநீர்தான். வாளையாறு தாண்டினால் கள்ளுக்கடை இருக்கிறதே என்கிறீர்களா? ஈரோட்டிலிருந்து சைக்கிளில் போய் வந்தால் குடித்ததெல்லாம் வியர்வையாகவே இறங்கிவிடும்.

நம் ஊரில் கார், லாரி, பஸ் இல்லாத பாதை எங்கே என்று கேட்டால், ஈரோட்டுக்காரனுக்கு ஒரே பதில்தான். எல்.பி.பி. வாய்க்கால் கரை. கீழ்பவானி வாய்க்கால் என்று முழுப் பெயர் சொன்னால் ஆபீஸ் கடுதாசி வாசனை வரும். 1948-ல் வேலை ஆரம்பித்து 1955-ல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து கிளம்பி, கோபி, பெருந்துறை, சென்னிமலைப் பக்கமெல்லாம் சுற்றி, கரூர் மாவட்டம் வரைக்கும் 200 கிலோமீட்டர் போகிறது. 2,07,000 ஏக்கர் பாசனம்.

இந்த வாய்க்காலின் சூட்சுமம் சைக்கிளில் போனால்தான் புரியும். குன்றை வெட்டிக்கொண்டு நேராகப் போகாது. குன்றின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு ஒரே மட்டமாகப் போகும். தண்ணீர் தானாக ஓட வேண்டுமே, மோட்டாரா இருக்கிறது? அதனால் கரை மேல் ஓட்டுகிறவனுக்குச் சுற்றிலும் மலை தெரியும், ஆனால் மேடு ஏறுகிற வேலை கிடையாது. டஸ்கனிக்காரனுக்கு இந்தச் சலுகை இல்லை. தண்ணீர் போகிற திசையில் போனால் இடது கைப் பக்கம் பள்ளம். நெல், மஞ்சள், கரும்பு, வாழை, தென்னை. வலது கைப் பக்கம் மேடு. சோளத்தட்டு, கொழுக்கட்டைப் புல், வேலமுள். நடுவே இருபது இருபத்தைந்து அடி மண் கரைதான் இரண்டு உலகத்துக்கும் எல்லை. ஒரே பஞ்சாயத்து, ஒரே மழை, ஒரே மண். தண்ணீர் எந்தப் பக்கம் சரியும் என்பதுதான் ஒருவன் வீட்டு மாடியையும் இன்னொருவன் வீட்டு ஓட்டையும் தீர்மானித்திருக்கிறது.

காற்றைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து மேல்காற்று பிய்த்துக்கொண்டு வரும். வாய்க்கால் கிழக்கே போவதால் போகும்போது நீங்கள் பெரிய வீரர். பெடலை மிதிக்காமலே போகலாம். திரும்பும்போதுதான் தெரியும். சிநேகிதனின் லட்ச ரூபாய் சைக்கிளும் என் ஹெர்குலிஸும் ஒரே வேகத்தில் வந்த ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

பெருந்துறை ரோட்டில் வாய்க்கால்மேட்டில் ஏறினோம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெள்ளோடு பக்கம் பறவைகள் சரணாலயம். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தள்ளி சென்னிமலை, 1,320 படி. அறச்சலூர் மலையில் ஒரு கல்வெட்டு. தமிழ்நாட்டிலேயே மிகப் பழைய இசைக் கல்வெட்டு என்பார்கள். 'த', 'தை', 'தா' என்று தாளச் சொற்களைக் கட்டம் கட்டிப் பழைய தமிழ் எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். எண்ணெய் காணாத என் செயின் ஏறக்குறைய அதையே சொல்லிக்கொண்டு வந்தது.

வேலமுள்ளுக்கு லட்ச ரூபாய் டயர், பழைய டயர் என்ற பேதம் கிடையாது. சிநேகிதன் டயரில் 'புஸ்'. ஒரு தென்னந்தோப்பு ஓரமாக உட்கார்ந்தோம். தோப்புக்காரப் பெரியவர் வந்தார்.

"ஏனுங்க தம்பி, இந்த சைக்கிள் எத்தன ரூவாய்ங்க?"

சிநேகிதன் சொன்னான்.

"அட சாமி! அந்தக் காசுக்கு ஒரு நல்ல எருமை வாங்குனா தெனமும் பால் கறக்குமுங்களே."

அப்புறம் பேச்சு வாய்க்காலுக்கு வந்தது. 2020-ல் 709 கோடி ரூபாயில் வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளமும் பக்கச்சுவரும் போடத் திட்டம் வந்ததிலிருந்து இந்தக் கரையில் பத்து நிமிஷம் நின்றால் அந்தப் பேச்சு வந்தே தீரும். போராட்டம், உண்ணாவிரதம், கோர்ட் கேஸ் எல்லாம் பார்த்தாயிற்று.

"என்ர கெணறு நூறடி தள்ளி இருக்குதுங்க. வாய்க்கால்ல தண்ணி உட்டா கெணத்துல ஊத்து வரும். ரெண்டு பக்கமும் சிமெண்டு பூசிப்போட்டா கெணத்துக்கு எங்கீங்க போவேன்? கரையில நிக்கிற மரமெல்லாம் என்னாவும்?"

சிநேகிதன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவன் மாமனார் பூமி கடைமடையில். "ஏனுங்கய்யா, உங்க கெணத்துல ஊறற தண்ணி எங்க மாமனுக்கு வர வேண்டியதுங்களே. ஆகஸ்ட் 15-க்கு மதகு தொறந்தா அவுருக்குத் தண்ணி வர்றதுக்குள்ள நாத்து முத்திப் போகுதுங்க."

பெரியவர் கோபிக்கவில்லை. "அதும் நியாயந்தானுங்க" என்றார். ஆனால் அதற்கு மேல் அவன் பக்கம் திரும்பவில்லை. இளநீரை என்னிடம்தான் நீட்டினார்.

எனக்கு நிலம் கிடையாது. ஆகவே கருத்து இலவசம். சைக்கிள்காரன் சுகத்துக்காக வாய்க்காலை மண்ணாகவே வைத்திருக்கச் சொல்வது அக்கிரமம். கரை உடைந்து பயிர் முழுகிய வருஷங்களும் உண்டு. அதைச் சரி செய்யத்தான் வேண்டும். மண்ணைக் கொண்டே கரையைப் பலப்படுத்துங்கள், மதகை ஒழுங்காகப் பாருங்கள் என்று ஒரு சாரார் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கடைமடைக்குத் தண்ணீர் போகாததற்குக் கசிவு மட்டுமா காரணம்? வழியில் ராத்திரி மோட்டார் வைத்து உறிஞ்சுகிற குழாய்களுக்குக் கான்கிரீட் என்ன செய்யும்? எழுநூறு வருஷத்துக்கு முன்னால் காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால் 90 கிலோமீட்டர். மண்ணை நம்பித்தான் இத்தனை காலம் ஓடியது. அதைக் கெடுத்தது மண் இல்லை; ஈரோட்டுச் சாயமும் தோல் கழிவும்தான்.

இதை இத்தாலிக்காரர் மாதிரி திருவிழா வைத்துத் தீர்க்க முடியாது. அங்கே பிரச்னை வெறும் ரோடு. இங்கே ஒருத்தர் கிணறு, இன்னொருத்தர் நாற்று.

பஞ்சர் ஒட்டி முடித்ததும் சிநேகிதன் இளநீருக்குக் காசு நீட்டினான். பெரியவர் வாங்கவில்லை.

"உங்க மாமனைப் பார்த்தா ஒண்ணு சொல்லுங்க தம்பி. கெணத்தை வந்து பார்க்கச் சொல்லுங்க. நானும் ஒரு நா அவுரு காட்டை வந்து பார்க்கறேன்."

"வாங்கய்யா. எழுபது கிலோமீட்டர் ஆகுமுங்க."

"அதுக்கென்னங்க," என்றார், சிநேகிதன் சைக்கிளின் ஸீட்டைக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டே. "இதுல பின்னாடி கேரியர் இல்லீங்களா?"